குளியலறையில் மூன்று பற்றரிகள்

ஒக்டோபர் 14

இந்த வருடத்துக் கடல் வேலை இன்றோடு சரி. காலையில் பக்கத்துப் படகுக்காரன் ஹால்வர் வந்து உதவிக்குக் கை கொடுத்தான். படகில் இருக்கும் நாலு பற்றரியில் மூன்றைக் கழற்றி, தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலாவது அங்கேயே கிடக்கட்டும். படகு குளிர்காலம் முழுக்கத் துறையில் மிதந்துகொண்டுதான் நிற்கப்போகிறது. அடியில் ஊறுகிற தண்ணீரைத் தானாக இறைத்துத் தள்ளும் பம்புக்கு அந்தப் பற்றரிதான் உயிர்.

ஒவ்வொன்றும் ஒரு மூட்டை அரிசிப் பாரம். முதுகு பிடித்துக்கொண்டது. மலர் வீட்டில் நின்றிருந்தால் எண்ணெய் தேய்த்துவிட்டபடியே நன்றாக ஏசியும் இருப்பாள். அவள் முந்தநாள் ஒஸ்லோவுக்குப் போய்விட்டாள். மகள் ஆரணிக்கு இது தலைப்பிள்ளை, தாய் பக்கத்தில் நிற்கத்தானே வேண்டும். பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த கையோடு திரும்பிவிடுவாள்.

விமான நிலையத்தில் வைத்து ஒரு கதை சொன்னாள்.

"இந்த இருட்டுக்கை இன்னொரு விண்டர் என்னாலை ஏலாது."

பயணக் களைப்பில் வந்த பேச்சு. பயணம் அப்போது தொடங்கவில்லைதான். சிலருக்குப் பெட்டி அடுக்கும்போதே களைப்பு வந்துவிடும்.

ஒக்டோபர் 15

பற்றரிகளை எங்கே வைப்பது என்று அரை நாள் யோசித்தேன். நிலவறையில் இப்போதே கை விறைக்கிறது. கூடத்தில் வைத்தால் மலர் வந்து பார்த்ததும் என்னைத்தான் நிலவறையில் வைப்பாள். கடைசியில் குளியலறைதான் தோது என்று பட்டது. இந்த நாட்டில் குளியலறை நிலத்துக்கு அடியில் சூட்டுக் கம்பி போட்டிருக்கிறார்கள், வெறுங்காலோடு நின்றால் சுகமாக இருக்கும். கீழே ஒரு பலகை போட்டு மூன்றையும் வரிசையாக வைத்தேன். சீமெந்து நிலத்தில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று ஊரில், மயிலிட்டியில் மீன்பிடிக்கிற காலத்திலேயே கேள்விப்பட்டது. உண்மையோ பொய்யோ, ஒரு பலகை போடுவதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

பின்னேரம் மலர் போன் எடுத்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"குளிக்கிற அறைக்கையோ வச்சிருக்கிறியள்? நான் நிக்கேக்கை எனக்கு ஒரு ஹீற்றர் கூடப் போட்டால் கரண்ட் வீணாப் போகுது எண்டுவியள்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒக்டோபர் 21

இன்று துறைக்கு மூன்று தடவை போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. கயிறு சரியாகத்தான் இருக்கிறது, பம்பும் இறைக்கிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் கால் தானாக எழும்புகிறது. ஊரில் இதைக் காலில் சக்கரம் என்பார்கள்.

பற்றரி மூன்றையும் மீற்றர் வைத்துப் பார்த்தேன். நேற்று இருந்தது போலவே இருக்கிறது. இருந்தாலும் சார்ஜரைக் கொஞ்ச நேரம் கொழுவிவிட்டேன்.

ஒக்டோபர் 29

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

துறையில் நிற்கும்போதுதான் செய்தி வந்தது. ஹால்வரிடம் சொன்னேன். அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான், எழுபது வயதில் அவனுக்கு அந்தப் பலம். மருமகன் சுதன் படம் அனுப்பியிருந்தான். பிள்ளை என் அம்மாவின் நெற்றியோடு பிறந்திருக்கிறாள். படகுக்குள் போய் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோசத்தில் வந்த அழுகை, வேறு ஒன்றுமில்லை.

நவம்பர் 6

ஹால்வர் கோப்பி குடிக்க வந்தான். குளியலறைக்குப் போனவன் கதவைத் திறந்த மாதிரியே நின்று சிரிக்கத் தொடங்கினான்.

"நாகா, என்ன இது? அடை வைத்திருக்கிறாயா? எப்போது குஞ்சு பொரிக்கும்?"

"குளிரில் விட்டால் செத்துப்போகும்" என்றேன்.

அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான். முழுக்கச் சார்ஜ் ஏற்றின பற்றரிக்குக் குளிர் நல்லதாம். வயரைக் கழற்றிக் குளிரான கொட்டிலில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். சூட்டில் வைத்தால்தான் சார்ஜ் தானாகக் கசியுமாம். குளிரில் சாவது வெறுமையான பற்றரி மட்டும்தான், அது உறைந்து வெடிக்கும். அதோடு, சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு கிளம்பும், இந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்திவைத்தால் ஒருநாள் கூரை பறக்கும் என்றான்.

முப்பது வருடமாகப் படகு வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாததா? முன்பெல்லாம் பற்றரியை மீன் தொழிற்சாலைக்காரர்களே தங்கள் கொட்டிலில் வைத்துப் பார்த்தார்கள் என்பது வேறு விசயம். கதவை மட்டும் திறந்துவிட்டேன். பற்றரிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

போகும்போது சொன்னான்: "இவற்றைவிட்டுப் படகில் இருப்பதைக் கவனி. வேலை செய்வது அதுதான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொண்டுவந்து சார்ஜ் பண்ணு."

சரி சரி என்றேன். பிறகு, "மலர் எப்போது வருகிறாள்?" என்று கேட்டான். முப்பத்தொன்று முடிய என்றேன். அவன் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி இங்கரோடு மலர் அடிக்கடி கதைக்கிறவள்.

நவம்பர் 14

ஆரணி எடுத்தாள்.

"அப்பா, இருபத்தெட்டாம் திகதிதான் முப்பத்தொண்டு. நீங்கள் முதல் நாளே வந்திடோணும். பிள்ளையின்ரை காதிலை நீங்கள்தான் பேர் சொல்லப்போறியள். ஆதிரை எண்டு வைக்கிறம்."

"நான் ஏன் பிள்ளை, சுதனின்ரை அப்பா நிக்கிறார்தானே?"

"அம்மா நீங்கள்தான் எண்டு சொல்லிப்போட்டா."

உடனே டிக்கெட் போட்டுவிட்டாள். மனதுக்குள் இனித்தது. வீட்டுக்குள் நடந்து நடந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு மெல்லச் சொல்லவேண்டும், பிள்ளை பயந்துவிடக் கூடாது.

மலரும் கதைத்தாள். ஆரணி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு வருகிறதாம், ஒரு அறை, வெயில் படுகிற பல்கனி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒஸ்லோவில் ஆயிரம் வீடு வாடகைக்கு வரும்.

நவம்பர் 22

இன்று சூரியன் தலையைக் காட்டிவிட்டுப் போனது. இந்த வட கோடியில் இனி அதைப் பார்ப்பது தை மாதம் பிறந்துதான்.

நவம்பர் 25

பெட்டி அடுக்கினேன். வேட்டியை இஸ்திரி போட்டேன். ஹால்வர் உலர்ந்த மீன் ஒரு கட்டுத் தந்தான், இங்கர் பிள்ளைக்குப் பின்னின தொப்பி தந்தாள்.

சுதன் எடுத்து, "மாமா, இஞ்சை வந்தால் நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சாப்பிட்டுட்டு ஆறுதலா இருக்கலாம்" என்றான். நல்ல பிள்ளை, அன்போடுதான் சொன்னான். போனை வைத்த பிறகு அடுக்கின பெட்டியைத் திறந்து மறுபடியும் அடுக்கினேன். ஆறுதலாக இருப்பது என்றால் எப்படி? கதிரையில் இருந்து ஜன்னலைப் பார்ப்பதா? எத்தனை நாளைக்கு? போனால் நாலு நாளில் திரும்ப விடுவார்களா?

கடுங்குளிர் தொடங்கி ஒரு கிழமையாகிறது. மூன்று பற்றரியும் குளியலறையில் சுகமாக இருக்கின்றன.

நவம்பர் 27

பிளேனைத் தவறவிட்டேன்.

காலையில் பெட்டியோடு வெளிக்கிடும்போது ஹால்வர் போன் எடுத்தான், "உன் படகு ஆழத் தாழ்ந்து நிற்கிறது" என்று. ஓடினேன். பம்ப் நின்றுவிட்டது. உள்ளே முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர். அந்த நாலாவது பற்றரி சார்ஜ் முழுதும் இறங்கி, குளிரில் உறைந்து, பக்கச் சுவர் வெடித்துப் பிதுங்கி நின்றது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று அவன் சொன்னதை நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

வாளியால் இறைத்தேன். ஹால்வர் தன் பம்பைக் கொண்டுவந்து பூட்டினான். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிளேன் தலைக்கு மேலால் போனது. படகை மூழ்கவிட்டுவிட்டா நான் போவது? யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆரணிக்குச் சொன்னேன். "சரியப்பா" என்றாள்.

நவம்பர் 28

சுதனின் தகப்பன் பெயர் சொன்னாராம். படம் வந்தது. மனுசன் பட்டு வேட்டியோடு குனிந்து நிற்கிறார், பிள்ளை நல்ல நித்திரை.

மலர் போனுக்கு வரவில்லை. விருந்தாளிகள் நிற்பார்கள், வேலை இருக்கும்.

டிசம்பர் 3

மலர் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"இங்கர் வாழ்த்துச் சொல்ல எடுத்தவள். தான் தண்ணி இறைக்கிறன், நீ பிளேனுக்குப் போ எண்டு ஹால்வர் சொன்னவனாமே?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சொன்னவனோ இல்லையோ?"

"சொன்னவன்."

"பிறகேன் வரேல்லை?"

"என்ரை படகை ஊரான் இறைக்க நான் பிளேனிலை இருக்கிறதோ?"

"பேத்தியின்ரை காதிலை ஊரான் பேர் சொல்ல நீங்கள் படகுக்கை இருக்கலாமோ?"

சம்பந்தியை ஊரான் என்பது பிழை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"முப்பத்தொண்டு முடிய வருவாய் எண்டெல்லோ நினைச்சன்" என்றேன்.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சின்ன வீட்டை எடுத்துவிட்டாளாம். பகலில் பிள்ளையைப் பார்ப்பாள், பின்னேரம் தன் வீட்டுக்கு வந்துவிடுவாள். "தன் வீடு" என்றுதான் சொன்னாள்.

டிசம்பர் 4

நடந்தேன். துறை, பள்ளிக்கூடம், தேவாலயம், மறுபடியும் துறை. பகல் பன்னிரண்டுக்கும் தெரு விளக்கு எரிகிறது.

டிசம்பர் 9

ஹால்வர் சொன்னது சரி. பலமான மூன்றையும் சூட்டில் வைத்துத் தினமும் தடவிக்கொண்டிருந்தேன், தனியாக நின்று வேலை செய்ததை எட்டிப் பார்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிகூட என்னைவிடப் பரவாயில்லை, அவன் ஒன்றைத்தான் கெடுத்தான்.

மூன்றையும் ஹால்வரின் படகுக் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன். வயர் ஒன்றும் இல்லாமல், குளிரில், பலகை மேல். பம்புக்குப் புதுப் பற்றரி. குளியலறை திடீரென்று பெரிதாகிவிட்டது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்ன செய்வது?

டிசம்பர் 24

ஹால்வர் வீட்டில் சாப்பாடு. இங்கர் எனக்காகத் தனியாக மிளகாய்த்தூள் வாங்கி வைத்திருந்தாள். மேசையில் ஒரு கதிரை கூடுதலாகக் கிடந்தது. மறந்துபோய்ப் போட்டிருப்பார்கள்.

ஜனவரி 15

பொங்கல்.

முந்தி இந்த ஊரில் நாற்பது தமிழ்க் குடும்பம் இருந்தது. எல்லோரும் மீன் தொழிற்சாலைதான். தைப்பொங்கலுக்குச் சூரியன் இராது என்பதால் பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகள் கடதாசியில் பெரிய சூரியன் வெட்டி ஒட்டுவார்கள், அதைப் பார்த்துப் பொங்குவோம். வரவர எல்லோரும் ஒஸ்லோவுக்கு இறங்கிப் போனார்கள். பிறகு மலரும் நானும் மட்டும் குசினியில் பொங்கினோம். மலர் கடதாசிச் சூரியன் வெட்டுவாள். இந்த முறை நான் வெட்டவில்லை, கத்தரிக்கோல் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகி, புகை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. மேல் மாடிக்காரி ஓடிவந்தாள். அவளுக்கு ஒரு கோப்பை பொங்கல் கொடுத்து அனுப்பினேன். நானும் சாப்பிட்டேன். சர்க்கரை கூடிப்போச்சு.

பிறகு மலருக்கு எடுத்தேன்.

"பொங்கினியளோ?" என்றாள்.

"ஓம். நெருப்புப் படை வராத குறை."

சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள்.

"எந்தப் பக்கம் பாத்துப் பொங்கினியள்?"

"தெற்குப் பக்கம். மத்தியானம் அந்தப் பக்கம்தானே கொஞ்சம் சிவந்து தெரியுது."

போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது. தெற்குப் பக்கம்தான் ஒஸ்லோவும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது.

ஜனவரி 22

சூரியன் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்று கூச்சல் போட்டார்கள். சூரியன் திரும்புகிற நாளுக்கென்று எல்லோருக்கும் இனிப்புப் பணிஸ். நான் இரண்டு வாங்கினேன், பழக்க தோசம்.

ஜனவரி 29

மலர் வந்து நிற்கிறாள்.

ஒரு சொல் சொல்லவில்லை, மணி அடித்தாள், கதவைத் திறந்தால் பெரிய பெட்டியோடு நிற்கிறாள். சந்தோசத்தில் செருப்பும் போடாமல் வாசலுக்கு வெளியே இறங்கினேன். பெட்டியைத் தூக்கினேன். பஞ்சு மாதிரி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"என்ரை சாமான்களைக் கொண்டுபோக வந்தனான்" என்றாள்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் குளியலறையை எட்டிப் பார்த்தாள்.

"எங்கை உங்கடை மூண்டு பேரும்?"

"கொட்டிலிலை. குளிருக்கைதான் நல்லா இருக்குதுகள்."

"முப்பது வருசம் என்னையும் அப்பிடித்தான் நினைச்சியள் போலை."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோபம் என்றால் ஏசி முடிப்பாள், பிறகு சாப்பிடக் கூப்பிடுவாள்.

அவளே தொடங்கினாள். "நான் ஒருத்தரையும் விட்டிட்டுப் போகேல்லை. ஒக்டோபர் வந்தால் நான் தெற்கை இருப்பன். ஏப்ரல் வர இஞ்சை வருவன், உங்களோடை கடலுக்கும் வருவன். வருசா வருசம் இப்பிடித்தான். படகை வில்லுங்கோ எண்டு நான் கேக்கேல்லை. ஒருநாளும் கேக்கேல்லை."

உண்மைதான். படகை விற்கச் சொல்லுவாள் என்று நான்தான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

"அங்கை வந்து நான் என்ன செய்யிறது, மலர்?" என்று கேட்டேன். "எனக்குப் பயமாக் கிடக்கு. ஒரு கதிரையிலை இருந்திட்டால் நான் பிறகு எழும்பமாட்டன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் இஞ்சை வந்து என்ன செய்தனான்? நீங்கள் கூப்பிட்டியள், வந்தன். மீன் மணத்துக்குச் சத்தி எடுத்து எடுத்து மூண்டு வருசம் மீன் வெட்டினன். என்ன செய்யிறது எண்டு தெரிஞ்சுகொண்டோ வந்தனான்?"

வெளியில் பனி அள்ளும் வண்டி போய் வந்தது.

"அப்ப விண்டருக்கு நான்?" என்றேன். அவள் கூப்பிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலர் எழும்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"பற்றரியெண்டால் தூக்கிக்கொண்டு போய் எங்கையாவது வைக்கலாம். உங்களை ஆர் தூக்கிறது? நீங்களா நடந்து வரோணும்."

பெப்ரவரி 1

மலர் காலைப் பிளேனில் போய்விட்டாள். பெட்டி இந்த முறை நல்ல பாரம். சம்மரில் போடுகிற சட்டைகளை மட்டும் அலுமாரியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஹால்வரிடம் போய், "படகைப் பார்த்துக்கொள்கிறாயா?" என்று கேட்டேன். "அன்றைக்கே சொன்னேனே" என்றான். பம்பையும் காட்டினேன், அவனுக்குத் தெரியும் என்று தெரிந்தும் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்து ஆரணிக்கு எடுத்தேன். "நாளைக்கு ஒரு டிக்கெட் போடு பிள்ளை" என்றேன்.

அவள் அந்தப் பக்கம் ஏதோ தட்டிக்கொண்டே கேட்டாள்: "போட்டாச்சப்பா. திரும்பிப் போறதுக்கு எப்ப போட?"

"அதை அம்மாவிட்டைக் கேள்" என்றேன்.